தூக்கிவிட்ட சுவிட்ச்

ரெலாவ் அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி.
சோறு வேகும் மணத்துக்குள்
ஒரு வாரமாக இன்னொரு வாடை:
மீன் கருகியது போல,
மீன் வாங்காத நாட்களிலும்.

வயர்மேன் வந்தால் எண்பது ரிங்கிட்.
சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
எறும்புக் கால் அளவு சில்லுகளைப்
பகலெல்லாம் ஒட்டுகிற கை இது,
ஒரு பிளக் பாயிண்டைக் கழற்றாதா?

முறையாகத்தான் செய்தேன், சொல்லிவிடுகிறேன்.
வாசலோரப் பெட்டியைத் திறந்து
சமையலறை சுவிட்சை இறக்கினேன்.
ஐஸ் பெட்டி ஒருமுறை உதறி அடங்கியது.
காய்ந்த தரை. ரப்பர் செருப்பு.
மோதிரம் சீனிப் போத்தலுக்குள்.
டெஸ்டரை முதலில் ஹால் பாயிண்டில் செருகி
அதன் கண் சிவப்பதைப் பார்த்துக்கொண்டேன்,
குருட்டுச் சாட்சியை நம்பக் கூடாதல்லவா.
பிறகு இங்கே.
கண் திறக்கவில்லை.

இரண்டு திருகாணி. மூடி கையோடு வந்தது.
சிவப்பு, கறுப்பு, பச்சை.
சிவப்பின் தோல் பொரிந்து உதிர்ந்து
உள்ளே செம்பு கருவாட்டு நிறத்தில்.
வெட்டினேன். சீவினேன்.
புதுச்செம்பு வெளியே வந்து மினுங்கியது.
இரு விரலால் பிடித்து முறுக்கப் போகையில்

கணுக்காலில் ஒரு கொசு.

குனிந்தேன். அடித்தேன்.
தப்பிவிட்டது. சொறிந்தேன்.

ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியது.

தினமும் காதில் விழுந்து
ஒருநாளும் நான் கேட்டிராத சத்தம்.
முகத்துக்கு நேரே, ஒரு சாண் தள்ளி,
அந்தச் சிவப்பு வயர்.
அதில் எதுவும் மாறவில்லை.
அதே மினுக்கம். பொறி இல்லை, புகை இல்லை.
பாம்பென்றால் சீறும், நாயென்றால் பல்லைக் காட்டும்.
இது சும்மா இருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றியபடியே குணேஸ்வரி:
"மறுபடியும் விழுந்துருச்சு, தூக்கிவிட்டுட்டேன்.
கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் ஒண்ணா போடாதேன்னு
எத்தன வாட்டி சொல்றது?"

அவள்மேல் என்ன பிழை?
தினமும் விழுகிற சுவிட்ச்,
தினமும் தூக்கிவிடுகிற கை.
விழுந்தது வேறு, இறக்கியது வேறு என்று
அதன் நெற்றியிலா எழுதியிருக்கிறது?
ஒரு துண்டுத் தாள் போதும்,
ஒரு விரல்கடை டேப்.
செருப்பு வரைக்கும் யோசித்த எனக்கு
இந்த வீட்டில் இன்னொருத்தியும் இருக்கிறாள் என்பது
தோன்றவே இல்லை.

சொன்னேன்.
நாசி லெமாக் பொட்டலங்களைக் கையில் வைத்தபடி
அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஷாக் அடிச்சா தானா விழும்பாங்களே,
அதுவாவது இருக்குல்ல?"

போய்ப் பார்த்தோம்.
டெஸ்ட் என்று போட்ட சின்னப் பொத்தான்,
குடிவந்த நாலு வருடத்தில் யாரும் தொடாதது.
அழுத்தினேன்.
விளக்கு எரிந்தது.
இன்னும் அழுத்தினேன்.
எரிந்துகொண்டே இருந்தது,
அத்தனை நிதானமாக.

மெயினை இறக்கினோம்.
கைப்பேசி வெளிச்சத்தில் அவள் எழுதினாள்,
தமிழில், மலாயில்,
கீழே ஒரு மண்டையோடும் வரைந்தாள்.
அது சிரிப்பதுபோல் வந்துவிட்டது.
சிரிக்க எங்களுக்கு வரவில்லை.
இருட்டில் உட்கார்ந்து
ஆறிய நாசி லெமாக்கைச் சாப்பிட்டோம்,
அவள் தன் நெத்திலியையெல்லாம்
என் பக்கம் தள்ளிவைத்தாள்.

மறுநாள் வயர்மேன்.
எண்பது அல்ல, இருநூற்று அறுபது.
பாதியை வீட்டுக்காரர் கோர் தருவாராம்,
தரட்டும், பார்க்கலாம்.
அவர் பெட்டிக்குள் கைவிடும் முன்
மெயினில் ஒரு குட்டிப் பூட்டைப் போட்டு
சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்,
எங்கள் மண்டையோட்டைப் பார்த்தும்கூட.

கொசு கடித்த இடம் மூன்று நாள் தடித்திருந்தது.
தைலம் தடவு என்றாள் குணேஸ்வரி.
வேண்டாம் என்றுவிட்டு
வேலை நேரத்திலும் குனிந்து குனிந்து
சொறிந்துகொண்டிருந்தேன்.